சாம்ராஜ் அண்ணாச்சி ராயல்ஸுக்குப் போன காரணம்

சாம்ராஜ், விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தை விட்டு ராயல்ஸுக்குப் போனதற்கு ஊரில் பல காரணங்கள் உலவின. இரண்டு லட்சம் வாங்கிவிட்டார் என்று பூ மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். அந்தச் செய்தி பேருந்து நிலையத்துக்கு நடந்து வருவதற்குள் நாலு லட்சமாகப் பெருத்து, ராஜபாளையம் ரோட்டில் ஏறும்போது கூடவே ஒரு காரையும் ஓட்டிக்கொண்டு போனது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த பூக்காரி இசக்கித்தாய் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"காரு எங்கன நிக்கி அண்ணாச்சி?"

"மொட்ட மாடியில ஏத்தி வச்சிருக்கேன். கீழ விட்டா ஊர்க்கண்ணு பட்டுரும்லா."

அவள் கடையின் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். சாம்ராஜுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

பணமே இல்லை என்று சாதிக்கவும் அவருக்கு வாயில்லை. ராயல்ஸில் மாதா மாதம் சம்பளம் கொடுத்தார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் மகான் இல்லை. முதுகில் 'மேனேஜர்' என்று அச்சடித்த கறுப்பு டிராக் சூட்டும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனதும், போனபோது முதுகைத் தெருப் பக்கம் திருப்பியே நின்றதும் உண்மை. ஆனாலும் அவர் போனது அதற்காக இல்லை. வேப்பமரத்தில் தொங்கிய ஒரு துணிப்பைக்காக.

சாம்ராஜுக்கு ஐம்பத்து நாலு வயது. தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். பத்தொன்பது வருஷமாக விடிவெள்ளிக்கு மேனேஜர், பயிற்சியாளர், சுளுக்கு எடுப்பவர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம் அவர்தான். விடிவெள்ளிப் பையன்கள் பெரும்பாலும் விசைத்தறியில் வேலை பார்ப்பவர்கள். காலையில் ஷிப்டு முடிந்து, காதுக்குள் தறிச் சத்தம் அடங்குவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். தூக்கமில்லாத கண்ணோடு இவ்வளவு ஆசையாகப் பந்தை உதைப்பவர்கள் வேறு எந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள் என்பது சாம்ராஜின் எண்ணம். அவர் வேறு ஊர்களை அதிகம் பார்த்ததில்லை.

அவர் ஆடிய காலத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுவார். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் அணியில் இருந்தார், அதாவது பெஞ்சில் இருந்தார். "மூணு வருஷமும் ஒரே ஜெர்சிலே. ஒரு நாள் துவைக்கல. அழுக்கானாத்தான?"

அப்படிப்பட்டவருடைய கால்பந்து ஞானம் மொத்தமும் இரண்டு சொற்களில் அடங்கிவிடும்: பின்னால வா. கோல் வாங்காதவன் தோற்க மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் ஏழு பேரையும் சொந்தக் கோல் கம்பத்துக்கு முன்னால் ரேஷன் கடை வரிசை மாதிரி நிறுத்துவார். எதிரணி கஷ்டப்பட்டு கோல் போட வேண்டியதில்லை. சும்மா உதைத்துவிட்டாலே வரிசையில் எவன் முழங்காலிலாவது பட்டுப் பந்து உள்ளே போய்விடும். இந்தத் திட்டத்தையே ஒவ்வொரு மேட்சுக்கும் புதிது புதிதாக, வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து கொண்டுவருவார். கோல் கீப்பர் பிரின்ஸ் ஒருதடவை அந்தத் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, முன்பக்கம் யாரோட வாரிசு சர்டிபிகேட்டோ தெரியுது. இறந்தவரு பேரு இருக்க எடத்துல என்னைய நிறுத்தியிருக்கீங்க."

"நல்ல எடந்தாம்ல. அங்கனயே நில்லு."

பத்தொன்பது வருஷத்தில் விடிவெள்ளி வாங்கியது ஒரே ஒரு கோப்பை. அதுவும் நன்னடத்தைக்கு.

ஆனால் தோற்ற பிறகு ஒருவன்கூட அவரைக் குறை சொன்னதில்லை. நடுவரைத் திட்டுவார்கள். மைதானத்தில் இருக்கும் குழியைத் திட்டுவார்கள். காற்றடித்தால் காற்றைத் திட்டுவார்கள். பிறகு, "அண்ணாச்சி இல்லைன்னா பத்து கோலு வாங்கியிருப்போம்" என்று சொல்லி அவருக்கும் சேர்த்து டீ வாங்குவார்கள். சாம்ராஜும் அந்தக் கணக்கை நம்பித்தான் குடித்தார்.

போன மே மாதம் கோடைக் கோப்பை அரையிறுதியில் விடிவெள்ளிக்கு எதிராக ராயல்ஸ். தனி வேன், ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ், இடைவேளையில் பழச்சாறு என்று செழிப்பான அணி. அன்றைக்கென்று பார்த்து வாசுதேவநல்லூரில் சாம்ராஜின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது. மேனேஜர் இல்லாமல் மேட்ச் நடக்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அதனால் மண்டபத்திலிருந்தே வீரபாண்டிக்குப் போன் போட்டார். வீரபாண்டி இருபத்து நாலு வயசுத் தறிக்காரன். விடிவெள்ளியில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆள்.

"ஏலே, போன ஸ்பீக்கர்ல போட்டு வையி. நான் இங்கேருந்தே சொல்லுதேன்."

"சரி அண்ணாச்சி."

சமையல் கட்டுக்குள் நின்றுகொண்டு ஆட்டம் முடியும் வரை சாம்ராஜ் கத்தினார். எதிரில் பந்து இல்லை, மைதானம் இல்லை, ஒரு அண்டா சாம்பார் மட்டும் இருந்தது. அவர் "பின்னால வாலே" என்று போட்ட சத்தத்தில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை பின்னால் நகர்ந்து கொடுத்தார்.

விடிவெள்ளி மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது.

சாம்ராஜ் ஊர் திரும்பியபோது மாலையோடு நின்றார்கள். "எல்லாம் அண்ணாச்சி போன்ல சொன்னதுதான்" என்று பிரின்ஸ் நாலு பேர் கேட்கச் சொன்னான். போனிலேயே ஜெயித்த மேனேஜர் என்று ஒரே நாளில் பெயர் பரவிவிட்டது. மறுநாள் ராயகிரி அணியோடு இறுதி ஆட்டம். சாம்ராஜ் நேரிலேயே வந்து கோட்டோரம் நின்றார். நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

"நீரு இன்னைக்கும் எங்கயாவது கல்யாணத்துக்குப் போயிருக்கலாம் வே" என்றார் டீக்கடைக்காரர். சாம்ராஜ் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து யாரோ அந்த அரையிறுதியின் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். தன் திறமையைப் பெரிய திரையில் பார்த்து அனுபவிப்போம் என்று சாம்ராஜ் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எடுத்தவன் மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று எடுத்திருக்கிறான். படத்தின் ஓரத்தில், ஒரு கிளையில் விடிவெள்ளியின் பை தொங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பைக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது மாதிரி ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"பின்னால வா! ஏலே வீரபாண்டி, எங்கல போற? பின்னால வாலே!"

வீரபாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தான். இருவரை ஏமாற்றி, மூன்றாமவனின் காலுக்கு நடுவே பந்தை விட்டு, கோல்.

"அப்படித்தாம்ல!" என்றது பை. "அங்கனயே நில்லு!"

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு வந்து பைக்குக் கீழே நின்று காதை விறைத்துக் கேட்டது. அன்றைக்கு அவர் பேச்சை நின்று கேட்ட ஒரே ஜீவன் அதுதான். "பின்னால போ" என்றபோது பின்னால் போனதும் அதுதான்.

முதல்தடவை பார்த்தபோது சாம்ராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரண்டாம் தடவை பார்க்கும்போது பையைப் பார்க்கவில்லை, பையன்களைப் பார்த்தார். ஒருவனை ஒருவன் கூப்பிட்டார்கள், ஏசினார்கள், தப்பாகப் பந்து கொடுத்தவனைத் துரத்திக்கொண்டே ஓடினார்கள். கோல் விழுந்ததும் ஏழு பேரும் புரண்டு சிரித்தார்கள். அவர்கள் இப்படி ஆடி அவர் பார்த்ததே இல்லை. அவர் முன்னால் அவர்கள் பரீட்சை எழுதுகிற முகத்தோடுதான் ஆடுவார்கள். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு, நடுப்பகலில், லேமினேஷனுக்குக் காத்திருந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுக் கடையைச் சாத்தினார்.

அவரைக் கேலி பண்ணுவதற்காகப் பையை அங்கே தொங்கவிடவில்லை, அது அவருக்குப் புரிந்தது. ஒரு ஆட்டமாவது நம் இஷ்டத்துக்கு ஆடுவோம் என்று தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜெயித்த பிறகு அவர் மனம் நோகக்கூடாது என்று, வெற்றியை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மைதானத்தில் சொன்னார். "ஏலே, எனக்கு வயசாயிட்டு. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

வீரபாண்டி விருட்டென்று எழுந்தான். "யாரு என்ன சொன்னா அண்ணாச்சி? பேர மட்டும் சொல்லுங்க. வீட்டுக்கே போயி கேட்டுட்டு வாரேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலலே. அதாம்ல எங் கவல."

அன்று சாயங்காலம் ஏழு பேரும் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்து முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் வெயிலுக்குக் குடையும் வந்தன. நாலு நாள் போகாமல் இருந்து பார்த்தார். பயிற்சி நின்றது, பயல்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சரி, வாயைத் திறக்காமலாவது இருப்போம் என்று ஒரு மேட்ச் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பந்து காலுக்கு வந்தவுடன் ஒவ்வொருவனும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அவர் பார்க்கிற பார்வையிலிருந்தே ஏதோ உத்தரவைப் படித்துக்கொண்டு பின்னால் ஓடினான். அந்த மேட்சும் போச்சு. வீடியோ விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் கூசிப் போய் அடுத்த மேட்சிலிருந்து அவர் சொல்லை எழுத்துக்கு எழுத்துக் கேட்பார்கள்.

இந்த ஊரில் ஒரு அண்ணாச்சியைப் பதவியிலிருந்து இறக்கும் வழக்கமே கிடையாது. சங்கமோ, கமிட்டியோ, ரசிகர் மன்றமோ, எதுவானாலும் அவராகப் படுக்கையில் விழவேண்டும், இல்லை ஊரை விட்டுப் போகவேண்டும். சாம்ராஜுக்குப் படுக்கையில் விழ மனமில்லை. ஊரை விட்டுப் போக ஜெராக்ஸ் மிஷின் விடாது.

அப்போதுதான் ராயல்ஸ் உரிமையாளர் ஃபாரூக் கடைக்கு வந்தார். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து இங்கே டைல்ஸ் ஷோரூம் வைத்திருப்பவர். கூடவே ராயல்ஸ் கேப்டன் நஜ்முதீன்.

"போன்லயே எங்க டீம முடிச்சிட்டீங்களே அண்ணாச்சி! அந்த மூளை எங்களுக்கு வேணும். எங்கக்கிட்ட வாங்க."

சாம்ராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "பாய், உள்ளதச் சொல்லுதேன். எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது."

ஃபாரூக் கண்ணை மூடித் திறந்தார். "மாஷா அல்லாஹ்!" என்று நஜ்முதீன் பக்கம் திரும்பினார். "பாத்தியாடே? விஷயம் தெரிஞ்சவங்க வாயிலேருந்து இப்படித்தான் வரும். நீ ரெண்டு கோலு போட்டுட்டு என்ன ஆட்டம் ஆடுத!"

"பணிவு இல்ல பாய், நெசம்."

"நெசத்தச் சொல்ற ஆளுதான் எனக்கும் வேணும்."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி ஷீலாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"போனா பயலுவ அழுவானுவ."

"அழப்படாது. அழுதா திரும்பக் கூப்பிட்டுருவானுவ. ஏசணும் ஷீலா. நல்லா கோவப்பட்டு ஏசணும். அப்பதான் விடுவானுவ."

"அதுக்காண்டி அந்த பாய் டீமக் கெடுக்கப் போறீகளாக்கும்?"

"ஏன் கெடுக்கேன்? சம்பளம் வாங்குதோம்லா. என்னால முடிஞ்சத ஒழுங்கா செய்வேன்."

"அதத்தான் கெடுக்கப் போறீகளான்னு கேட்டேன்" என்றாள் ஷீலா.

பிரின்ஸ்தான் முதலில் கடைக்கு வந்தான். கவுண்டரில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

"போட்டுட்டேன்."

"ஏன்?"

இதற்கு ஒரு பதிலைக் கண்ணாடி முன் நின்று பழகி வைத்திருந்தார். "வேன் இருக்கு. சம்பளம் தாராவ. நீங்க என்னத்தலே தந்தீங்க இத்தன வருஷமா?" என்று கேட்டார். கேட்கும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் லேமினேஷன் மிஷினைப் பார்த்துக் கேட்டார்.

பிரின்ஸ் ஏசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். வீரபாண்டி வரவே இல்லை. பத்து நாள் கழித்து, கையில் ஏதோ காகிதத்தோடு கடையைத் தாண்டிப் போய் எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்தான். அந்தக் கடையில் எடுத்தால் தாளின் ஓரமெல்லாம் கறுப்பாக விழும். அது தெரிந்தும் அங்கே எடுத்தான். அன்று முழுக்க சாம்ராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் போட்ட திட்டம் முதல்முறையாக அப்படியே பலித்திருக்கிறது என்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்ள முயன்றார். அதுவும் சரியாக வரவில்லை.

ராயல்ஸில் ஒரு புது அனுபவம் காத்திருந்தது. அங்கே அவர் சொன்னதைக் கேட்டார்கள். அன்புக்காக இல்லை, அணியில் இடம் நிலைக்க வேண்டுமே என்று. பின்னால் வா என்றால் ஏழு பேரும் ராணுவம் மாதிரி பின்னால் வந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ஆடக் கூட்டிவந்த இரண்டு பேர், வாழ்க்கையில் சொந்தக் கோல் கம்பத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஜனவரியில் பொங்கல் கோப்பை. முதல் ஆட்டத்தில் ராயல்ஸ் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். டைபிரேக்கரில் ஜெயித்தார்கள். இரண்டாவதும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மறுபடியும் டைபிரேக்கர். பெனால்டி அடிக்கிறவனைப் பின்னால் வரச் சொல்ல முடியாது என்பதால் அங்கே சாம்ராஜால் ஒரு கெடுதலும் செய்ய முடியவில்லை. இப்படியாக இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து, இரண்டு ஆட்டத்தில் ஏழு கோல் போட்டு, புது மேனேஜர் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல், விடிவெள்ளி வந்திருந்தது.

ஊரே திரண்டுவிட்டது. சாம்ராஜ் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஒரு பக்கத்திலிருந்து "கார எங்கன விட்டுட்டு வந்தீரு?" என்று குரல் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு ராயல்ஸ் கொடுத்திருந்த மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ப் பக்கத்தில் விடிவெள்ளிப் பையன்கள் ஒருவனும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதல் பாதியில் அவர் வஞ்சகமில்லாமல் உழைத்தார். தொண்டை வறளக் கத்தினார். ராயல்ஸும் வஞ்சகமில்லாமல் கீழ்ப்படிந்தது. எட்டாவது நிமிஷத்தில் வீரபாண்டி ஒன்று. இடைவேளைக்குச் சற்று முன்னால், வரிசையாக நின்ற ராயல்ஸ்காரர் ஒருவரின் முழங்காலில் பட்டு இன்னொன்று. இரண்டுக்குப் பூஜ்யம். எழுந்து நின்று கைதட்டப் போனவர், டிராக் சூட் ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

இடைவேளையில் ஃபாரூக் வந்தார். முகத்தில் கோபமில்லை. பழச்சாறை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க கவலப்படாதீங்க அண்ணாச்சி. பயலுவகிட்ட கண்டிச்சு சொல்லிட்டேன். அண்ணாச்சி சொல்லுல ஒரு வார்த்த தட்டுனாலும் அடுத்த மேட்சுல இடம் கெடையாதுன்னு. நீங்க என்ன சொல்லுதீங்களோ அப்படியே செய்வானுவ. எனக்கு உங்க மேல முழு நம்பிக்க இருக்கு."

சாம்ராஜ் பழச்சாறைக் கையில் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் புதிதாக ஒரு துரோகமும் செய்ய வேண்டியதில்லை. இன்னும் இருபத்தைந்து நிமிஷம், பத்தொன்பது வருஷமாகச் செய்த அதே வேலையை அதே நேர்மையோடு செய்தால் போதும். விடிவெள்ளி கோப்பையைத் தூக்கிவிடும். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் பையன்களுக்கு அவர் கொடுக்கக்கூடிய ஒரே சீதனம் அது.

எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார். விடிவெள்ளியில் நாற்காலி இல்லை. ஏழு பேரும் தரையில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். பிரின்ஸ் மண்ணில் விரலால் ஏதோ கோடு போட, வீரபாண்டி அதை உள்ளங்கையால் அழித்துவிட்டு வேறு கோடு போட்டான். பிரின்ஸ் அவன் கையைத் தட்டிவிட்டான். மூன்றாமவன் இருவரையும் ஏசினான். பிறகு எல்லாரும் ஒரே கோட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.

இவனுகளுக்கா சீதனம் என்று தோன்றியது. மரத்தில் பையைத் தொங்கவிட்டு அவர்கள் தாமாக ஜெயித்ததை ஒருமுறை இவர் வாங்கிக்கொண்டார். இன்றைக்கு இவர் வாயைத் திறந்து ஜெயிக்க வைத்தால், இதுவும் இவர் போட்ட சோறாகிவிடும். அதற்காகவா கடையில் லேமினேஷன் மிஷினைப் பார்த்து அந்தப் பேச்சுப் பேசினார்? இந்தப் பக்கம் ஒரு மனிதர் முழு நம்பிக்கையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகத்தான் ஷீலாவிடம் சொல்லியிருக்கிறார். தன்னால் முடிந்ததில் உருப்படியானது எது என்று சாம்ராஜுக்கு இப்போது தெரியும்.

"மக்கா, இங்கன வாங்க" என்று ராயல்ஸ் பையன்களைக் கூப்பிட்டார். "இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டத்த ஆடுங்க."

நஜ்முதீன் நம்பாமல் பார்த்தான். "முன்னால போகலாமா அண்ணாச்சி?"

"போ."

"எத்தன பேரு?"

"எத்தன பேரு வேணும்னாலும் போங்க. பாய்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள். சாம்ராஜ் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். அவர் பயந்ததற்கு மாறாக, இங்கே ஒருவனும் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? சம்பளத்துக்கு வந்தவர்; சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அன்பு இல்லாத இடத்தில் வாயை மூடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்.

நஜ்முதீன் ஒரு கோல் போட்டான். தூத்துக்குடிக்காரர்களில் ஒருவன் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். விடிவெள்ளி விழுந்து விழுந்து எழுந்தது. பிரின்ஸ் இரண்டு தடவை உடம்போடு பாய்ந்து தடுத்தான். வீரபாண்டி அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனபோது சாம்ராஜ் துண்டு வாயிலிருந்து விழ, "சே!" என்று துள்ளி எழுந்தார். தப்பித்தோம் என்கிறார் போல என்று நினைத்து ஃபாரூக் அவர் தோளைத் தட்டினார். கடைசி நிமிஷத்தில், ஒரு கூட்ட நெரிசலிலிருந்து, நஜ்முதீனின் காலில் பட்டு மூன்றாவது கோல் உள்ளே போனது.

பத்தொன்பது வருஷம் ஜெயிக்கப் பாடுபட்டுத் தோற்றவர், தோற்றால் நிம்மதி என்றிருந்த ஒரே நாளில் ஜெயித்துவிட்டார்.

யாரோ மாலை போட்டார்கள். யாரோ தூக்கினார்கள். பேசாமலே ஜெயித்த மேனேஜர் என்று ஒரு குரல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. கீழே இறக்கிவிட்டபோது எதிரில் வீரபாண்டி நின்றான். முழங்காலில் ரத்தம், முகமெல்லாம் மண். பின்னால் பிரின்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வே, மனசு குளுந்துட்டா?" என்றான் வீரபாண்டி.

சாம்ராஜ் கழுத்து மாலையைச் சரிசெய்தார்.

"பத்தொம்பது வருசம் விடிவெள்ளிய வரிசையில நிக்க வச்சேரு. அவனுவள மட்டும் முன்னால விட்டேரு. அவனுவளுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சது எங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலயோ உமக்கு?"

நியாயமான கேள்வி. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் நியாயமான கேள்வி. பதில் அவரிடம் இருந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இவன் கண் கலங்கும். நாளைக்குக் காலையில் ஏழு பேரும் ஆப்பிளோடு வாசலில் நிற்பார்கள்.

"தெரியலடே" என்றார்.

"அடுத்த வருசம் பாரும். உம்ம டீமுக்கு நாலு கோலு. அந்த மெத்த நாக்காலியிலேருந்து எந்திரிக்க விடாம அடிக்கேன்."

"சரி."

"என்ன சரி? பேச்சப் பாரு!"

"வாலே, அவருகிட்ட என்ன பேச்சு" என்று பிரின்ஸ் இழுத்தான். "மொதல்ல நீ உன் ஆளப் பிடிச்சியா? ரெண்டாவது கோலு யாரு தப்பு?"

"என் தப்பா? நீ எங்கன பாத்துக்கிட்டு நின்ன? கம்பத்த விட்டு நாலடி வெளிய வந்து நிக்கான், இவன் கேக்கான்!"

"வாய்ப்பேச்சு வேண்டாம், வீடியோ போட்டுப் பாப்போமா?"

"போடுலே. வா, பாப்போம்."

மற்ற ஐந்து பேரும் வந்து சேர்ந்துகொள்ள, ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு, மைதானத்தின் அந்த மூலை வழியாகத் தெருவுக்குப் போனார்கள். சாம்ராஜ் என்று ஒருவர் மாலையோடு அங்கே நிற்பது அவர்களுக்கு மறந்தே போயிற்று. அவர் அந்தச் சத்தம் தெரு திரும்பும் வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

ஃபாரூக் கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வாங்க அண்ணாச்சி, போட்டோ. என்ன சொல்லிட்டுப் போறானுவ உங்க பழைய ஆளுங்க?"

"அடுத்த வருசம் நமக்கு நாலு கோலு போடுவானுவளாம்."

"போடுவானுவளா?"

சாம்ராஜ் கோப்பையின் மறு காதைப் பிடித்தார்.

"போடுவானுவ பாய்" என்றார். "நாம நெறையப் பாடுபடணும்."